கார்த்திகையில் கருகிய லாவெண்டர்

பொங்கலுக்கு முந்தைய வாரம் ஆவடியிலிருந்து பூந்தமல்லிக்குப் போகும் வழியில் ஒரு நர்சரியில் லாவெண்டர் செடி வாங்கினேன். கறுப்பு பாலித்தீன் கவரில் ஒரு சாண் உயரம். சாம்பல் பூத்த பச்சை இலைகள், நுனியில் இரண்டு ஊதாக் கதிர்கள். இலையைக் கசக்கி முகர்ந்த கணமே வாங்குவது என்று முடிவாகிவிட்டது. குழாயால் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்த அக்கா, நான் கேட்காமலே சொன்னார்: "இது குளிர்ச் செடி சார். வெயில் தாங்காது. கேக்குறாங்கன்னுதான் எடுத்து வெச்சிருக்கோம்."

கொரட்டூரில் எங்கள் மொட்டைமாடியின் கிழக்குச் சுவரோரம் அதை வைத்தேன். சித்திரை பிறந்ததும் பச்சை நிழல்வலைக்கு அடியில் நகர்த்தினேன். கத்திரி வெயில் வந்து போனது. செடி சாகவில்லை. இலை சிறுத்தது, வளர்ச்சி நின்றது, ஆனால் உயிர் இருந்தது. பிழைத்துக்கொண்டது என்றே நம்பினேன். ஐப்பசி மழை தொடங்கி மூன்று வாரம் ஆனபோது, மாடியில் எல்லாச் செடியும் துளிர்விட்டிருக்க, லாவெண்டர் மட்டும் அடித்தண்டிலிருந்து கருகத் தொடங்கியது. கார்த்திகை தீபத்தன்று தொட்டியைக் கவிழ்த்துப் பார்த்தேன். வெள்ளையாக இருக்க வேண்டிய வேர்கள் பழுப்பாக இருந்தன. ஒரு வேரைப் பிடித்து இழுத்தால் மேல்தோல் உறை மாதிரி கழன்று கையோடு வந்தது. நடுவில் நூலிழை மட்டும் மிஞ்சியது. மண்ணில் அழுகிய முட்டை வாடை.

வெயில் கொன்றுவிடும் என்று அஞ்சிய செடியை மழை கொன்றிருந்தது. ஏன் என்று தேடப் போனபோதுதான், நான் வசிக்கும் ஊரின் பருவநிலையைப் பற்றியே சரியாகத் தெரிந்துகொண்டேன்.

லாவெண்டரும் ரோஸ்மேரியும் ஆலிவும் மத்தியதரைக்கடலைச் சுற்றிய நிலங்களின் செடிகள். அங்கே கோடையில் மழை இல்லை, குளிர்காலத்தில்தான் மழை. வெப்பமண்டலத்தின் ஓரத்தில் வானிலிருந்து கீழிறங்கும் வறண்ட காற்றின் பட்டை ஒன்று உலகைச் சுற்றி இருக்கிறது. சகாராவைப் பாலைவனமாக வைத்திருப்பது அதுதான். கோடையில் இந்தப் பட்டை வடக்கே நகர்ந்து கிரீஸ், இத்தாலி, ஸ்பெயின் மீது மூடி போட்டது போல உட்கார்ந்துகொள்ளும். குளிர்காலத்தில் அது தெற்கே விலக, மேற்கிலிருந்து வரும் காற்று மழையைக் கொண்டுவரும். கலிபோர்னியா, நடு சிலி, தென்னாப்பிரிக்காவின் கேப் பகுதி, ஆஸ்திரேலியாவின் தென்மேற்கும் தெற்கும் ஆகிய நான்கு இடங்களிலும் இதே ஏற்பாடு உண்டு. ஐந்தையும் சேர்த்தாலும் உலக நிலப்பரப்பில் 5 விழுக்காடு கூட வராது. ஆனால் உலகின் தாவர இனங்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு இங்கேதான் இருக்கிறது.

இப்போது நம் ஊர். நமக்கும் பெருமழை ஐப்பசி, கார்த்திகையில்தான். மாசி, பங்குனி, சித்திரை மூன்று மாதமும் மண் வெடிக்கும். உலகப் பருவநிலைகளை எழுத்துகளால் வகுத்த விளாடிமிர் கோப்பென் அடிப்படையில் தாவரவியல் படித்தவர். எந்தச் செடி எங்கே நிற்கும் என்பதைப் பார்த்துத்தான் எல்லைக் கோடுகளை இழுத்தார். அவருடைய முறையில் மத்தியதரைக்கடல் பருவநிலை 'சி எஸ்' என்று தொடங்கும். அதே முறையில் சென்னையை 'ஏ எஸ்' என்று குறிக்கிறார்கள். பின்னால் வரும் 'எஸ்' இரண்டுக்கும் பொது. கோடை வறண்டது என்று பொருள். அதை அப்படியே எடுத்துக்கொள்ளவும் கூடாது. ஆடி, ஆவணி மாலைகளில் நமக்கு இடிமழை கிடைக்கிறது, ஏதென்ஸுக்கு அது கிடைப்பதில்லை. ஆனாலும் மும்பையையோ கொல்கத்தாவையோ விட, மழை வரும் காலத்தால் நாம் மத்தியதரைக்கடலுக்குச் சற்று நெருக்கம்.

லாவெண்டரைக் கொன்றது முதல் எழுத்து. ஆண்டின் மிகக் குளிர்ந்த மாதத்தின் சராசரி வெப்பம் 18 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போகாவிட்டால் அந்த ஊர் 'ஏ'. ஏதென்ஸில் ஜனவரிச் சராசரி 10 டிகிரி அளவில் நிற்கும். சென்னையில் அது 25ஐ ஒட்டி இருக்கும். அங்கே மழை வரும்போது கூடவே குளிர் வருகிறது. இங்கே மழை வரும்போது வெதுவெதுப்பு போவதில்லை.

இதன் விளைவை மண்ணுக்குள் இறங்கிப் பார்க்க வேண்டும். வேரும் மூச்சு விடும். சர்க்கரையை எரிக்க அதற்கு ஆக்சிஜன் வேண்டும். வெப்பம் 10 டிகிரி ஏறினால் இந்த மூச்சின் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். மண் துகள்களுக்கு இடையே உள்ள காற்றறைகள் வழியாகத்தான் ஆக்சிஜன் உள்ளே போகிறது. மழைநீர் அந்த அறைகளை நிரப்பிவிட்டால், அதே ஆக்சிஜன் தண்ணீர் வழியாகப் பரவ வேண்டும். காற்றில் பரவுவதைவிட தண்ணீரில் அது சுமார் பத்தாயிரம் மடங்கு மெதுவாகப் பரவும். ஏதென்ஸின் ஜனவரி மண்ணில் வேர் அரைத்தூக்கத்தில் இருக்கும், தேவை குறைவு, சில நாள் தாக்குப்பிடிக்கும். கொரட்டூரின் நவம்பர் மண் கதகதப்பானது. வேர் முழுவேகத்தில் மூச்சு வாங்கும் நேரத்தில் காற்று அடைபடுகிறது. அளவையும் பாருங்கள். ஏதென்ஸுக்கு ஓர் ஆண்டு முழுவதும் பெய்யும் மழை சுமார் 400 மி.மீ. சென்னைக்கு நவம்பர் மாதம் மட்டுமே ஏறத்தாழ அதை ஒட்டித் தந்துவிடுகிறது.

மூச்சுத் திணறும் வேரைத் தேடி அடுத்த விருந்தாளி வரும். பித்தியம், பைட்டோப்தோரா என்னும் நீர்ப்பூஞ்சைகள். பார்க்கப் பூஞ்சை போல இருந்தாலும் இவை உண்மையான பூஞ்சைகள் அல்ல. 1840களில் அயர்லாந்தின் உருளைக்கிழங்கை அழித்துப் பெரும் பஞ்சத்தைக் கொண்டுவந்தது பைட்டோப்தோராவின் ஓர் இனம்தான். இவற்றின் வித்துகளுக்கு வால் போன்ற இரண்டு இழைகள் உண்டு. மண்ணில் தண்ணீர் நின்றால் அவை நீந்தும், நலிந்த வேரிலிருந்து கசியும் சத்தை மோப்பம் பிடித்து அங்கே போய்ச் சேரும். என் கையோடு கழன்று வந்த அந்த வேர்த்தோல் அவை தின்றுவிட்டுப் போன மிச்சம்.

இரவு வெப்பம் இன்னொரு கணக்கு. பகலில் இலை சேர்த்த சர்க்கரையில் ஒரு பங்கை இரவில் செடி தன் மூச்சுக்குச் செலவழிக்கிறது. மே மாதம் நம் இரவு 28 டிகிரியில் நிற்கும்போது அந்தச் செலவு ஏறிவிடும். என் லாவெண்டர் கோடையில் சாகாமல் நின்றது உண்மை. ஆனால் சேமிப்பைக் கரைத்துக்கொண்டு நின்றது. ஐப்பசியில் அடி விழுந்தபோது எழுந்திருக்கக் கையில் ஒன்றும் இல்லை. ஆலிவின் சங்கடம் வேறு. குளிர் பட்டால்தான் அதற்குப் பூமொட்டு வைக்கும். சென்னையில் தொட்டியில் வைத்த ஆலிவ் இலையாகவே நிற்கும். ராஜஸ்தானில் 2007 முதல் இஸ்ரேலின் உதவியோடு ஆலிவ் பயிரிட்டார்கள் என்றால், அங்கே குளிர்கால இரவு உண்மையிலேயே குளிரும் என்பதால்தான். லாவெண்டர் ஜம்முவின் பதர்வாவில் வயல் வயலாகப் பூக்கிறது. ரோஸ்மேரி நீலகிரியில் பயிராகிறது. உயரமான இடங்கள் 'ஏ'யை 'சி'யாக மாற்றிவிடுகின்றன.

நம் நர்சரிகளுக்கு வரும் செடிகளின் ஊரும் இதில் சேர்த்தி. இந்தப் பக்கத்தில் விற்கும் செடிகளில் கணிசமானவை இங்கே முளைத்தவை அல்ல. ராஜமுந்திரிக்குப் பக்கத்தில் உள்ள கடியத்திலிருந்தும், ஓசூர், பெங்களூர் பக்கத்திலிருந்தும் லாரியில் வந்து இறங்குபவை. தை மாதத்தில் சென்னையின் இரவு 21 டிகிரிக்கு இறங்குவதால் எந்தக் குளிர்ச் செடியும் அப்போது அழகாகவே நிற்கும். ஆகவே செடி வாங்கப் போனால் இலையைப் பார்த்து மயங்காமல் கவரின் அடியைப் பார்க்க வேண்டும். ஓட்டை வழியே வெள்ளை வேர்நுனி எட்டிப் பார்த்தால் நல்லது. கவரை அழுத்தும்போது களிமண் உருண்டை கல் மாதிரி இருந்தால், நட்ட பிறகு அந்த உருண்டையை வெளிமண் ஈரம் எளிதில் தொடாது. தொட்ட ஈரம் எளிதில் வெளியேறவும் செய்யாது. வீட்டுக்கு வந்ததும் வாளித் தண்ணீரில் ஊறவைத்து, ஓரக் களிமண்ணை மெல்லக் கரைத்துவிட்டு நடுவேன். ரோஜாவுக்கும் நான் இதைத்தான் செய்கிறேன்.

தொட்டியைப் பற்றி ஒரு நம்பிக்கையை இங்கே திருத்திக்கொள்வது நல்லது. அடியில் ஓட்டுச்சில்லு, ஜல்லி போட்டால் தண்ணீர் நன்றாக வடியும் என்று எல்லோரும் சொல்வோம். பாத்திரம் தேய்க்கும் ஸ்பான்ஜை எடுத்து முழுக்க நனைத்துப் படுக்கையாகப் பிடித்துக்கொள்ளுங்கள். சொட்டி நின்றதும் அதை நெட்டுக்குத்தாக நிமிர்த்துங்கள். மறுபடியும் தண்ணீர் வடியும். மண்ணும் ஸ்பான்ஜ் போலத்தான். எந்தத் தொட்டியாக இருந்தாலும் அடியில் குறிப்பிட்ட உயரத்துக்கு ஈரம் வடியாமல் தங்கிவிடும். மண்ணின் நுண்துளைகள் அதைப் பிடித்துவைத்துக்கொள்ளும். உயரமான தொட்டியில் அந்த ஈரப்பகுதி மொத்தத்தில் சிறு பங்கு. தட்டைத் தொட்டியில் பாதி மண்ணே சேறு. அடியில் ஜல்லி போட்டால் அந்த ஈரம் ஜல்லிக்குள் இறங்காமல் ஜல்லிக்கு மேலே உட்காரும், வேருக்குக் கிடைக்கும் இடம்தான் குறையும். ஓட்டையில் மண் ஒழுகாமல் இருக்க ஒரே ஒரு சில்லு போதும். வடிகால் வேண்டுமென்றால் மண் முழுவதையும் சொரசொரப்பாக்க வேண்டும். என் ரோஸ்மேரி உயரமான மண்தொட்டியில், உடைத்துச் சலித்த செங்கல் துண்டும் மணலும் பாதி, செம்மண்ணும் மட்கிய எருவும் பாதி என்ற கலவையில் நிற்கிறது. தேங்காய் நார்த்தூள் ஒரு பிடி கூட இல்லை. ஐப்பசி பிறந்ததும் மாடிப்படி முகப்பின் கூரைக்கு அடியில் நகர்த்திவிடுகிறேன். இரண்டு மழைக்காலத்தைத் தாண்டிவிட்டது.

போர்த் தண்ணீரின் உப்பால்தான் லாவெண்டர் போனது என்று ஒரு நண்பர் சொன்னார். தொட்டி ஓரத்தில் வெள்ளைப் படிவு இருந்தது உண்மைதான். ஆனால் லாவெண்டரின் சொந்த ஊரே சுண்ணாம்புப் பாறைச் சரிவு. அந்த வெள்ளைப் படிவு பெரும்பாலும் சுண்ணாம்பாக இருந்தால் அதன்மேல் பழி போட முடியாது.

மத்தியதரைக்கடல் செடி எதுவுமே நமக்கு ஆகாது என்று இதை வைத்து நினைத்துவிடக் கூடாது. கொரட்டூரில் வீட்டுவசதி வாரியக் குடியிருப்புகளின் வாசலிலும் கோயில் நந்தவனங்களிலும் நெடுஞ்சாலைத் தடுப்புகளிலும் கொத்துக் கொத்தாகப் பூக்கும் அரளி மத்தியதரைக்கடல் ஓரத்திலும் ஆற்றுப்படுகைகளில் தானாக வளர்வது. மொரோக்கோவிலிருந்து கிழக்கே நீண்ட அதன் தாயகத்தில் இந்தியாவும் சேர்த்தி. அது எப்படி இரு பக்கமும் செழிக்கிறது என்று தெரிய, ஓர் இலையைப் பறித்துத் திருப்பிப் பாருங்கள். பால் விஷம், கையைக் கழுவ மறக்கக் கூடாது, குழந்தைகளிடம் கொடுக்கக் கூடாது. மேல்பக்கம் மெழுகு பூசிய தோல் மாதிரி வழவழப்பு. அடிப்பக்கம் வெளிறிய பச்சை. பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் வைத்தால் பக்க நரம்புகளுக்கு இடையே ஊசியால் குத்திவைத்தது போல வெண்புள்ளிகள் தெரியும். ஒவ்வொன்றும் ஒரு குழி. இலை காற்று வாங்கும் துளைகள் வெளிப்பரப்பில் இல்லை, இந்தக் குழிகளுக்குள் ஒளிந்திருக்கின்றன. குழியின் வாயை மெல்லிய மயிரிழைகள் மூடிக்கொண்டிருக்கின்றன. வெளியே அனல்காற்று வீசினாலும் உள்ளே ஈரமான காற்றுச் சிமிழ் கலையாமல் இருக்கும். கல்லூரியில் தாவரவியல் படித்தவர்கள் நுண்ணோக்கிக்கு அடியில் இந்தக் குழியைப் பார்த்து வரைந்திருப்பார்கள். அதே இலை தன் வாசலில் இருப்பது நினைவுக்கு வருமா தெரியவில்லை. இதோடு அரளியின் வேர் ஆற்றுப்படுகையின் வெள்ளத்துக்கும் பழகியது. லாவெண்டரிடம் இல்லாதது இதுதான்.

ஏரிக்கரைப் பக்கம் ஒரு பழைய தனி வீடு இருக்கிறது. அங்கே இருக்கும் அம்மாவுக்கு எழுபத்தைந்து வயது இருக்கும். செடி பார்க்க வரலாமா என்று ஒருநாள் கேட்டேன். "வாங்க தம்பி, கேட்டுட்டு வரணுமா" என்றார். வேலி ஓரம் களாச்செடி, வாசலில் மகிழம், கிணற்றடியில் நந்தியாவட்டை, இரண்டு நிற அரளி, பின்னால் மாதுளையும் கறிவேப்பிலையும். அது வைகாசி. தரை காய்ந்து கிடந்தது. துளசிக்கும் தொட்டிகளுக்கும் மட்டும் தண்ணீர் ஊற்றியிருந்தார். மற்றவை பச்சையாகத்தான் நின்றன. தரையில் இருப்பவற்றுக்கு ஊற்றுவதில்லையா என்றேன். "முதல் வருஷம் மட்டும் ஊத்துவேன் தம்பி. தினம் கொஞ்சம் கொஞ்சமா ஊத்தினா வேர் மேலயே படுத்துக்கும். ஆவணில நட்டுட்டா, மழை பின்னாலேயே போய் வேர் கீழ இறங்கிடும்."

இதே வாசகத்தை வேறு மொழியில் கடைப்பிடித்த ஒரு தோட்டம் ஏதென்ஸுக்கு அருகே ஸ்பரோஸாவில் இருக்கிறது. ஜாக்குலின் டிர்விட் என்ற நகரத் திட்ட வல்லுநர் அமைத்தது. அவர் 1954இல் ஐ.நா. சார்பில் புதுதில்லியில் குறைந்த செலவு வீடுகள் பற்றிய கண்காட்சிக்காக உழைத்தவர். பின்னாளில் காற்றடிக்கும் ஒரு கிரேக்கக் குன்றின் பாறைச் சரிவில் வீடு கட்டி, கோடை வறட்சியை எதிர்த்துச் சண்டை போடாத தோட்டத்தை வளர்த்தார். 1994இல் அந்த வீட்டை மையமாக வைத்துத்தான் மத்தியதரைக்கடல் தோட்டச் சங்கம் பிறந்தது. அவர்கள் நடும் பருவம் இலையுதிர் காலத்தின் முதல் மழை. அவர்களுக்குச் செடி உறங்கும் பருவம் கோடை. பல நாடுகளிலிருந்து உறுப்பினர்கள் ஒருவர் தோட்டத்தை ஒருவர் போய்ப் பார்த்து, எது செத்தது, எது பிழைத்தது என்று பேசிக்கொள்கிறார்கள். அவர்களிடமிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது இந்த முறையை. அவர்கள் செடிகளை அல்ல.

நமக்கென்று செடிகள் இல்லாமலா இருக்கின்றன? 1898இல் ஜெர்மானியத் தாவரவியலாளர் ஷிம்பர், மத்தியதரைக்கடல் நிலங்களின் கெட்டியான, சிறிய, என்றும் பசுமையான இலைகளுக்குக் 'கடின இலை' என்று பொருள்படும் கிரேக்கப் பெயரைக் கொடுத்தார். ஓர் இலையைத் தடித்துக் கட்ட செடிக்குச் செலவு அதிகம். ஆனால் அது ஆண்டுக்கணக்கில் உழைக்கும், வறட்சியில் வாடிச் சுருங்காது, எதிர்பாராத மழை வந்தால் அன்றே வேலையைத் தொடங்கும். சோழமண்டலக் கரையோரம் நம் பழைய காட்டுக்கும் இதே குணம். 1968இல் சாம்பியனும் சேத்தும் இந்தியக் காடுகளை வகைப்படுத்தியபோது இதற்கு வறண்ட பசுமைமாறாக் காடு என்று தனி வகை கொடுத்தார்கள். வறட்சியும் பசுமையும் ஒரே பெயரில் நிற்பது எனக்கு இன்னும் வியப்பு. உலக்கைப்பாலை, வீரை, குருந்து, காயா, களா என்று அதன் மரங்களும் புதர்களும் உயரத்தில் பெரியவை அல்ல, ஆனால் சித்திரையில் இலை உதிர்ப்பதில்லை. கோயில் காடுகளிலும் கிண்டி தேசியப் பூங்காவிலும் புதுச்சேரிப் பக்கம் சில கிராமங்களிலும் துண்டு துண்டாக மிஞ்சியிருக்கிறது. நம் மேற்குப் புறநகரின் ஊர்ப்பெயர்களே செடியின் மேல் நிற்பவை. திருமுல்லைவாயிலில் முல்லை, திருவேற்காட்டில் வேலமரம், பூவிருந்தவல்லி என்னும் பூந்தமல்லியில் பூ. அந்தப் பூவிருந்தவல்லியில் பிறந்த திருக்கச்சி நம்பி நந்தவனம் வைத்துப் பூத்தொடுத்துக் காஞ்சி வரதருக்கு எடுத்துச் சென்றார் என்று வைணவ மரபு சொல்கிறது.

காயாவை மட்டும் எடுத்துக்கொள்வோம். திருமாலின் நிறத்துக்கு உவமையாகத் தமிழ் காலங்காலமாகச் சொல்லிவரும் பூ. பளபளக்கும் தடித்த இலை, கிளையோடு ஒட்டிப் பூக்கும் நீலக் கொத்துகள், தேனீ மொய்க்கும். வளர்ச்சி மெதுவு, ஆகவே சின்ன வீட்டு வாசலுக்கும் ஏற்றது. இந்த மண்ணின் நவம்பரும் மே மாதமும் அதற்குப் பிறந்த வீடு. நான் போன நர்சரி எதிலும் அது இல்லை. ஆரோவில்லின் பிச்சாண்டிக்குளம் போன்ற இடங்களில் கன்று வளர்க்கிறார்கள், அங்கே போகிறவர்கள் வாங்கி வரலாம். ஆனால் தை மாதத்தில் ஸ்கூட்டரில் இரண்டு தொட்டி வாங்கப் போகும் ஒருவர் கண்ணில் அது படாதவரை, நம் தெருவில் அது நிற்கப் போவதில்லை. இது என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

சென்ற மாதம் அதே நர்சரிக்குப் போனேன். அந்த அக்கா இருந்தார். காயா வேண்டும் என்றேன். "அது எப்படி சார் இருக்கும்?" என்று கேட்டார். கைப்பேசியில் பூவின் படத்தைக் காட்டினேன். இரண்டு விரலால் விரித்துப் பெரிதாக்கி நெடுநேரம் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு. பத்து பேர் கேட்டா சொல்லி எடுத்துட்டு வரலாம்" என்றார். ஆவணிக்குள் கன்று கைக்கு வந்தால்தான் மழைக்கு முன்னால் வேர் பிடிக்கும் என்று சொன்னேன். கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் கிடந்த நோட்டில் 'காயா' என்று எழுதி, கீழே என் கைப்பேசி எண்ணை ஒன்றாவதாகக் குறித்துக்கொண்டார். இன்னும் ஒன்பது வரி காலியாக இருக்கிறது.